மூன்று நாள் சாப்பிடாதவள்

‘கையெழுத்து உரிமை’ தொடர்: அத்தியாயம் பதினான்கு

தட்டுகளை உள்ளே வைத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி.

நூருல் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை. திறந்தால் சூடு இறங்கும். மேலடுக்கில் அவளுடைய ஆறு தட்டுகள். கீழடுக்கில் அதிராவுடைய ஆறு. ஒரே போத்தலில் இருந்த பாலைத்தான் இருவரும் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குத் தனித்தனியாக ஊற்றி வைத்தார்கள். இன்று வியாழன். மாலை மூன்றரைக்குத் தட்டுகளை வெளியே எடுத்து, வளர்ந்திருக்கும் கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். நான்கு மணிக்கு மேலாளர் ஆனந்தராஜா முடிவைச் சொல்லிவிடுவார்.

கையெழுத்து உரிமை யாருக்கு என்ற முடிவு.

புக்கிட் தெங்காவில் இருக்கும் அந்த உணவுச் சோதனைக்கூடத்திலிருந்து எந்த அறிக்கையும் அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. இத்தனை வருடம் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். பதினொரு வருடமாக வேலை செய்யும் நூருல். நான்கு வருடமாக வேலை செய்யும் அதிரா.

அதிரா வேறு யாருமில்லை, நூருலின் கணவன் ஹைக்கலின் தங்கை. அவளுடைய விண்ணப்பத்தைக் கொண்டுபோய் மேலாளரின் மேசையில் வைத்ததே நூருல்தான். துளி அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். ஹைக்கலும் இங்கேதான் வேலை. பண்ணைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய், சோதிக்க வேண்டியவற்றை ஐஸ் பெட்டியில் எடுத்து வரும் வேன் ஓட்டுநர். மாலையானால் மூவரும் கடல் பாலத்தைக் கடந்து, தீவில் இருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்புவார்கள். அங்கே மாமி, ஹைக்கலின் அம்மா சித்தி ஹாஜரா, சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

போன வாரம் அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் அதிரா சொன்னாள். இந்த இடம் கிடைக்காவிட்டால் சிங்கப்பூருக்குப் போய்விடுவாளாம். அங்கே ஒரு கம்பெனி கூப்பிடுகிறதாம். மாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தினமும் அதிராவின் காரில் சேர்ந்து வரும் இருவரும் திங்கட்கிழமையிலிருந்து தனித்தனியாக வந்தார்கள்.

ஆனாலும் அதிரா ஒளிந்து விளையாடுகிறவள் இல்லை. செவ்வாய்க்கிழமை பால் போத்தலைத் திறப்பதற்கு முன் நேராக வந்து நின்றாள்.

“மதினி, எனக்கு இது வேணும். உங்களுக்கும் வேணும். போட்டுப் பார்ப்போம். யாரு ஜெயிச்சாலும் மத்தவங்களுக்கு மீ கோரெங் வாங்கித் தரணும், சரியா?”

நூருல் சிரித்துவைத்தாள். அவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது.

அது ஊரறிந்த விஷயம். ஒன்றரை மாதத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் அதற்கு அத்தாட்சியே கொடுத்துவிட்டுப் போனார். வேலையிடத்தில் சண்டை வந்தால் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கண்டுபிடிக்க முப்பது கேள்விகள். பதிலுக்குத் தகுந்தபடி சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வண்ணப் பட்டை. முட்டி மோதி ஜெயிக்கிறவர்களுக்குச் சிவப்பு. அது அதிராவுக்கு. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பிரிக்கிறவர்களுக்கு மஞ்சள். அது மேலாளருக்கு. கேட்டதைக் கொடுத்துவிடுகிறவர்களுக்குப் பச்சை. அது ஹைக்கலுக்கு, ஓட்டுநர்களையும் அதில் உட்கார வைத்திருந்தார்கள். சண்டை நடக்கும் அறையிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போகிறவர்களுக்குச் சாம்பல். நூருலுக்குச் சாம்பல்.

உட்கார்ந்து பேசி இருவருக்கும் ஒத்துவரும் வழியைத் தேடுகிறவர்களுக்கு நீலமாம். அது யாருக்கும் வரவில்லை. நீலப் பட்டைகளை அப்படியே பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார் அந்த மனிதர்.

ஒன்பது மணிக்கு மேலாளர் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆனந்தராஜா கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்வது அபூர்வம். மேசையில் ஒரு தாள் இருந்தது. மலாயில் டைப் செய்த ஒரு பக்கம். அடியில் பெயர் இருக்கும் இடத்தைக் கோப்பு ஒன்றால் மறைத்திருந்தார்.

“செவ்வாய்க்கிழமை காலமை வந்தது. போட்டியை நிப்பாட்ட விருப்பமில்லாமல் வைத்திருந்தன்,” என்றார். “பேர் போட்டுத்தான் எழுதியிருக்கினம். யார் எண்டு நான் சொல்ல மாட்டன்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தீவின் மறுகோடியில் பாலிக் புலாவில் இருக்கும் ஒரு பண்ணையிலிருந்து ஆட்டுப்பால் வந்தது. பெட்டிக்குள் எட்டு டிகிரிக்கு மேல் இருந்தால் அதை வாங்கக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். அன்று பெட்டியில் பதினேழு இருந்தது. அதை வாங்கிக்கொண்டவர் வரவுத் தாளில் ஐந்து என்று எழுதினார். வாங்கிக்கொண்டவர் நூருல்.

பதினேழு என்ற சொல்லோடு நூருலின் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் ஓடும் ரேடியோ மாதிரி கேட்டது. பாலத்தில் நெரிசல் என்றார். ஓட்டுநர் சொல்லியும் கேட்கவில்லை என்றார். கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, அதை நினைத்து நினைத்து நூருல் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்ததாகவும், ஆகவே தயவோடு பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

“உண்மையா?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதிலை எழுத வேண்டும். எழுதினால் மேலே அனுப்ப வேண்டும். நாலு மணிக்குப் பேசுவோம், அதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். ஐந்து என்று எழுதிய கை அவளுடையதுதான்.

அதன் பலன் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். சூடேறிய பாலில் கிருமி பெருகும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் தட்டுகளில் புள்ளிகள் எண்ண முடியாதபடி அப்பிக் கிடந்தன. ‘தேறவில்லை’ என்று அறிக்கை போயிற்று. பண்ணைக்காரி சந்திரிகா மூன்று நாள் பாலைக் கால்வாயில் கொட்டினாள். பிறகு சோதனைக்கூடத்துக்கு போன் செய்து, தன் ஆடுகளுக்கு ஏதாவது நோயா என்று கேட்டாள். அந்த போனை எடுத்ததும் நூருல்தான். தெரியவில்லை என்று சொன்னாள். அடுத்த வாரம் சந்திரிகா இரண்டு ஆடுகளை விற்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

அந்த மூன்று நாள்தான் நூருலுக்குச் சோறு இறங்கவில்லை.

யார் எழுதியிருப்பார்கள்? நூருல் கழுவுமிடத்தில் நின்று கையை நான்காவது தடவையாகக் கழுவியபடி யோசித்தாள். யோசிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று வரவு அறையில் அவள் பேனாவை மூடிக்கொண்டிருந்தபோது கதவருகே அதிரா வந்து நின்றாள். பெருநாள் பலகாரம் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். தாளைப் பார்த்திருப்பாள். நான்கு மாதம் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்படும் நாளில் எடுத்து வீசியிருக்கிறாள்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதுதான் அவளுக்குப் பழக்கம். ஆனால் பன்னிரண்டரை மணிக்குக் கால்கள் தாமாகவே கேண்டீனுக்குப் போயின.

அதிரா மூலை மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நூருல் எதிரே உட்கார்ந்தாள். தட்டு எடுத்து வரவில்லை.

“அன்னிக்கு நீ கதவுகிட்ட நின்னத நான் பார்த்தேன்,” என்றாள்.

“எந்தக் கதவு?”

“ரிசீவிங் ரூம்ல. பெருநாள் விருந்து அன்னிக்கு.”

அதிரா முள்கரண்டியில் சுற்றியிருந்த மீ நூடுல்ஸை வாயில் போட்டு மென்றாள். “பலகாரம் கொண்டாந்தேன். நீங்க வேணாம்னீங்க. அதுக்கா நாலு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?”

“பதினேழு இருந்ததையும் பார்த்த. அதத்தான் எழுதிக் குடுத்திருக்க.”

“என்ன பதினேழு?”

அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை. நூருல் பதினொரு வருடமாக எண்ணிக்கை பார்த்துப் பழகியவள். உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் பார்ப்பது அவள் தொழில். வேறு வழியில்லாமல், மேசையைப் பார்த்தபடி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பெட்டி, பதினேழு, ஐந்து, ‘தேறவில்லை’, இன்று காலையில் மேலாளர் மேசையில் இருந்த தாள்.

அதிரா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முகம் சிவந்தது.

“சந்திரிகா அக்கா கொட்டினாங்களே, அந்தப் பாலா? மதினி, நீங்களா அப்படிச் செஞ்சீங்க? ஒரு தட்டுல பேரு சரியா எழுதலன்னு என்ன எத்தன தடவ திரும்பப் போட வச்சிருக்கீங்க?”

நூருல் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் துடைத்தாள்.

“எனக்குக் கோவம் வருது. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் உங்கள அடிக்கணும்னா முன்னாடி நின்னு அடிப்பேன். பின்னாடி வர்றது எனக்கு வராதுலா. இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சார்கிட்ட உங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். “அந்தத் தாள்ல வேற என்ன எழுதியிருந்துச்சு?”

பாலத்தில் நெரிசல், ஓட்டுநர் சொல்லியும் கேட்கவில்லை என்பதையெல்லாம் நூருல் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள். “கடைசியில, அதையே நெனச்சு நான் மூணு நாளு சோறு இறங்காம கெடந்தேன்னு.”

“எந்த மூணு நாளு?”

“அதுக்கு அடுத்த வாரம். திங்கள், செவ்வாய், புதன்.”

“அப்ப நீங்க களா நோன்புல இருந்தீங்க,” என்றாள் அதிரா. “ரமலான்ல விட்டுப்போன நோன்புன்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மா ஸஹருக்கு உங்களுக்குத் தனியா சோறு எடுத்து மூடி வச்சாங்க. இங்க நான் உங்க முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு வெளிய போய் உக்காந்து சாப்பிட்டேன். லேப்ல எல்லாருக்கும் நோன்புன்னுதானே தெரியும்?”

எல்லோருக்கும் நோன்பு என்றுதான் தெரியும். நூருல் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். சோறு இறங்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நோன்பு என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாமி மூடி வைத்த அந்த ஸஹர் சோற்றை மூன்று நாளும் விடியுமுன் எழுந்து சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தது ஒரே ஒரு ஆள். அவளுக்கு நோன்பு இல்லை, தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள்.

நூருலுக்கு மேசையின் விளிம்பு கையில் அழுத்தியது. அவள் மனம் இத்தனை நேரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வீட்டில் திருடன் எங்கே என்று தேடும்போது யாரும் தன் பாயைத் தட்டிப் பார்ப்பதில்லை.

அதிராவும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணனா?”

இரண்டேகாலுக்கு வேன் பின்பக்கமாக வந்து பெட்டி இறக்கும் மேடையில் ஒட்டி நின்றது.

ஹைக்கல் இறங்கினான். முப்பத்தெட்டு வயது. யார் எதைக் கேட்டாலும் ‘போலே’, ஆகட்டும், என்று தலையாட்டும் முகம். நூருல் அவனைக் கட்டிக்கொண்டதே அந்த முகத்துக்காகத்தான். பெட்டியை இறக்கும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பாலிக் புலாவில் வாங்கிய ஜாதிக்காய் ஊறல். அவளுக்குப் பிடிக்கும்.

அவள் வாங்கவில்லை.

“நான் மூணு நாளு சாப்பிடலன்னு எழுதினீங்களா?” என்று கேட்டாள்.

அவன் பொட்டலத்தைத் திரும்பப் பையில் வைத்தான்.

“உனக்கு நல்லதுக்குத்தான் அத எழுதினேன், நூரு. அது இல்லாட்டி சார் உன்னத் தப்பா நெனப்பாரு.”

அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். போன வாரத்திலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லையாம். சர்க்கரை ஏறிவிட்டதாம். அதிரா சிங்கப்பூருக்குப் போனால் தான் பிழைக்க மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்து அழுதாராம். ஏதாவது செய் என்றாராம். அம்மாவுக்கு அந்தப் பால் விஷயம் தெரியாது. ஏதாவது செய் என்று மட்டும்தான் கேட்டார். அவனுக்குச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருவர் விலகினால் சண்டையே இல்லை.

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்,” என்றாள் நூருல்.

“கேட்டா நீ விட்டுத் தந்திருப்ப. அதான் கேக்கல. ஒங்கிட்ட அப்படிக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

அவன் உண்மையாகத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“அவ போயிடுவா, நூரு. சொன்னா செய்வா. நீ எங்க போகப் போற? நீ இருப்ப. எது வந்தாலும் பொறுத்துக்குவ.”

மேடைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் படபடத்தது. பத்து வருடக் கல்யாணத்தில் அவன் அவளைப் பற்றி என்ன நினைத்து வைத்திருக்கிறான் என்பதை இப்போதுதான் முழு வாக்கியமாகக் கேட்கிறாள்.

“ஓட்டுநர் சொல்லியும் கேக்கலன்னு இருக்காமே. அப்படியா நடந்துச்சு?”

ஹைக்கல் தலையைக் குனிந்துகொண்டான்.

நடந்தது அவர்கள் இருவருக்குமே தெரியும். அன்று மாமி வீட்டில் பெருநாளுக்கு ஊரையே அழைக்கும் திறந்த இல்ல விருந்து. நாற்காலிகள் போதவில்லை. பாலை ஏற்றிக்கொண்டு வந்த ஹைக்கல் பாலத்துக்குத் திரும்பாமல் ஜெலுத்தோங்குக்குத் திரும்பினான். நாற்காலிகளை ஏற்ற இடம் வேண்டும் என்று ஐஸ் பெட்டியை இறக்கி அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்தான். பிறகு ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். மூடி சரியாகச் சாத்தாத பெட்டி இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது. வரவு அறையில் அவள் வெப்பமானியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. அந்த வருடத்தில் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. “அஞ்சுன்னு போடு, நூரு. இந்த ஒரு தடவ,” என்றான் அப்போது.

இப்போதும் கிட்டத்தட்ட அதே குரலில்தான் பேசினான்.

“சார் இத சின்னதா முடிச்சிடுறேன்னு சொல்லியிருக்காரு. நீ விலகிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா அந்தத் தாள் வெளிய வராது. உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது. அஞ்சுன்னு போட நான் சொன்னேங்கறத மட்டும் சொல்லிடாத. வேன் ஓட்டுறத விட்டா எனக்கு என்ன தெரியும்? நீ பேசாம இருந்தாப் போதும்.”

அதிராதான் பெட்டிகளை வாங்க வர வேண்டும். வரவில்லை. நூருலே குனிந்து மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தாள். நான்கு இருந்தது. நான்கு என்று எழுதினாள். கையெழுத்து வாங்கத் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் போட்டதும் உள்ளே போய்விட்டாள்.

அவள் பேசாமல் போனது ஹைக்கலுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வேனை எடுக்கும்போது கையை ஆட்டினான்.

மூன்றரை மணிக்கு இருவரும் தட்டுகளை எடுத்தார்கள்.

பக்கத்துப் பக்கத்து மேசைகள். விளக்குப் பலகையின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ண வேண்டும். நூருல் எண்ணி எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினெட்டு. அடுத்த தட்டு.

அதிரா எண்ணி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். திரும்பாமல் பேசினாள்.

“எனக்கு இப்பவும் அந்த எடம் வேணும், மதினி. பொய் சொல்ல மாட்டேன்.”

“தெரியும்.”

“அண்ணன் பேரச் சொல்லிடாதீங்கன்னு உங்ககிட்டக் கேக்கணும்னு தோணுது. அவனுக்கு வேல போச்சுன்னா வீடு என்ன ஆகும்னு தெரியும்.” பேனாவைச் சட்டைப் பையில் செருகினாள். “ஆனா கேக்கல.”

நூருல் கடைசித் தட்டை எண்ணினாள். நூற்று ஒன்பது. எழுதினாள். நேரத்தையும் எழுதினாள். நாற்பத்தெட்டு மணி, இருபது நிமிடம்.

நான்கு மணிக்கு மேலாளர் அறையில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தன. ஹைக்கலையும் வரச் சொல்லியிருந்தார். அவன் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

ஆனந்தராஜா இரண்டு எண்ணிக்கைத் தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுமே தனக்கு முன்பே தெரிந்திருந்த சரியான எண்ணுக்கு மிக அருகில் இருப்பதாகச் சொன்னார். வேலைத் திறமையில் இருவருக்கும் குறை சொல்ல முடியாது என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் உள்ளவர்கள் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது இப்படி வருவது உண்டு என்றும், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற மாதிரி ஒரு வழி பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

வழி இதுதான். நூருல் சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்வதாக ஒரு வரி எழுதித் தருவாள். அதிராவுக்குக் கையெழுத்து உரிமை. நூருலின் வேலை அப்படியே இருக்கும். அடுத்த வருடம் புதிதாக ஒரு பொறுப்பு வரும்போது அவளை நினைத்துக்கொள்வார். அந்தத் தாள் யாருக்கும் போகாது. யாரையும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

அவர் கெட்டவர் இல்லை. மூவரில் யாருடைய சோறும் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நூருலின் பக்கம் நகர்த்தினார்.

“சரிதானே?” என்றார்.

ஹைக்கல் மூச்சை விட்டது அறை முழுவதும் கேட்டது. அதிரா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூருல் பேனாவை எடுத்தாள். எழுதுவது சுலபம். ஒரு வரி. எழுதிவிட்டு எழுந்து போனால் இன்று மாலை எல்லோரும் ஒரே காரில் பாலத்தைக் கடப்பார்கள். மாமி மீன் பொரித்து வைத்திருப்பார். நாளைக்கு ஹைக்கல் மறுபடியும் ஜாதிக்காய் வாங்கி வருவான். அவளும் ஒருநாள் வாங்கிக்கொள்வாள். பாலிக் புலாவில் ஒருத்தி தன் ஆடுகளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிப்பாள்.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“அந்தத் தாள்ல இருக்கறது பாதி உண்மை, சார்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. “பதினேழு இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அஞ்சுன்னு எழுதினேன். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. இந்தக் கையெழுத்து எனக்கு வேணாம், எனக்கு அதுக்குத் தகுதி இல்ல. ஆனா அந்த அறிக்கையத் திரும்ப வாங்கணும். சந்திரிகாவோட பால் பண்ணையில கெடல, நம்ம கைக்கு வந்தப்புறம் கெட்டுச்சுன்னு எழுத்துல போகணும்.”

“நூருல், யோசித்துப் பேசுங்கோ,” என்றார் ஆனந்தராஜா. “இதை எழுதினால் நான் மேல அனுப்ப வேணும்.”

“அனுப்புங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். மஞ்சள் பட்டைக்காரருக்குப் பிரித்துக் கொடுக்க இப்போது கையில் எதுவும் இல்லை. கடைசியில் அவர் கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து தள்ளி வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

“பதினொரு வருசம். ஒரு தாளில ஒரு அடித்தல் திருத்தல் இல்லை உங்களிட்ட. அண்டைக்கு மட்டும் ஏன் எழுதினீங்கள்?”

கதவுப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. “நூரு,” என்றான் ஹைக்கல்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பெட்டிய வெயில்ல வச்சு மறந்தவரும், அஞ்சுன்னு போடச் சொன்னவரும், இந்தத் தாள எழுதிக் குடுத்தவரும் ஒரே ஆளு, சார்,” என்றாள் நூருல். “என் வீட்டுக்காரர்.”